பொட்டிபுரத்தில் ஒரு பூச்சிக் கச்சேரி

ஊருக்குப் போய்த் திரும்பினால் ஏதாவது வாங்கி வராமல் இருப்போமா? போடிநாயக்கனூருக்குப் போனால் ஏலக்காய் வாங்குவோம், காபிக்கொட்டை வாங்குவோம், தலையணைக்கு இலவம் பஞ்சு வாங்குவோம். போன ஐப்பசியில் நான் கொண்டு வந்தது என்ன தெரியுமா? பதினோரு நிமிஷப் பூச்சிச் சத்தம்! கைபேசியில்தான். "இதைக் கேட்கவா மதுரையிலிருந்து டிக்கெட் எடுத்துப் போனே?" என்று வீட்டுக்காரர் கேட்டார். அவர் கேட்டதிலும் தப்பில்லை. நான் போனது பெரியம்மாவைப் பார்க்க. பூச்சி தானாக வந்து சேர்ந்துகொண்டது.

மதுரையிலிருந்து போடிக்கு இப்போது மறுபடி ரயில் ஓடுகிறது. சின்னப் பாதையை அகலப் பாதையாக மாற்றுகிறோம் என்று 2010 கடைசியில் நிறுத்தினார்கள். தேனி வரை 2022இல் வந்தது. போடிக்கு 2023 ஜூனில்தான் வந்தது. என் சின்னவன் பிறந்ததிலிருந்து ஆறாம் வகுப்பு முடிக்கும்வரை அந்த ஊரில் ரயிலே இல்லை என்றால் பாருங்களேன்! உசிலம்பட்டி தாண்டி, ஆண்டிபட்டிக் கணவாய் வழியாக வண்டி போகும்போது ஜன்னலை விட்டு நகர மாட்டேன் என்று அடம் பிடித்தான். வயசு பதிமூன்று ஆகிறது, இன்னும் குழந்தைதான்.

பெரியம்மா வீடு பொட்டிபுரத்தில். போடியிலிருந்து தேவாரம் போகும் பக்கம், மலையை ஒட்டின ஊர். இந்தப் பெயரைப் பேப்பரில் பார்த்திருப்பீர்கள். நியூட்ரினோ ஆய்வுக்கூடம் வருகிறது என்று பேசினார்களே, அந்தப் பொட்டிபுரம்தான். அம்பரப்பர் மலையைக் குடைந்து, இரண்டு கிலோமீட்டர் அளவுக்குச் சுரங்கம் போட்டு, உள்ளே ஐம்பதாயிரம் டன் இரும்பில் ஒரு கருவி வைக்கத் திட்டம். 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை சம்மதம் கொடுத்தது. ஊரில் எதிர்ப்பு, கோர்ட்டில் வழக்கு. 2022இல் தமிழக அரசும் உச்ச நீதிமன்றத்தில் வேண்டாம் என்று சொல்லிவிட்டது. பெரியம்மாவிடம் கேட்டால், "மலை இருந்த எடத்துல இருக்குத்தா, நீ காபியக் குடி" என்கிறார்.

பெரியம்மாவுக்கு எழுபத்து நாலு வயசு. இருபது வயசிலிருந்து ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பில் போய் வந்தவர். அப்புறம் போடியில் ஏலக்காய்க் கடையில் ரகம் பிரிக்க உட்கார்ந்தார். பச்சை எது, வெளுத்தது எது, பூச்சி அரித்தது எது என்று முறத்தைப் பார்க்காமலேயே விரல் பிரிக்கும். இப்போது வீட்டோடு இருக்கிறார். போனதும் எனக்கு இரண்டு புகார் வந்தது.

ஒன்று, மருமகளைப் பற்றி. "உங்க மதினி என்ன சொல்றான்னே தெரியலத்தா. வாய்க்குள்ளயே பேசுறா. வேணும்னுதான் பேசுறா."

இன்னொன்று, மலையைப் பற்றி. "சில்வண்டெல்லாம் செத்துப் போச்சு. முன்னெல்லாம் பொழுது சாஞ்சா பேச முடியாது, அம்புட்டுச் சத்தம். இப்ப பாரு, சுடுகாடு கணக்கா இருக்கு. எல்லாம் மருந்தடிச்சு மருந்தடிச்சு வந்த வினை."

மதினியோ அடுப்படியில் என்னிடம் கண் கலங்கினார். பத்து வருஷமாக இல்லாத சண்டை இந்த இரண்டு வருஷமாக என்றார். "நான் நல்லாத்தான் பேசுறேன். 'சோறு போடவா'ன்னு கேட்டா, 'யாரு போறா'ங்கிறாங்க. கேக்கலன்னும் ஒத்துக்க மாட்டேங்கிறாங்க."

அன்றைக்கு ராத்திரி எல்லோரும் திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். அண்ணன் மகள் பெங்களூரில் ஒரு கல்லூரியில் விலங்கியல் எம்.எஸ்ஸி. படிக்கிறாள். லீவுக்கு வந்திருந்தாள். எங்கே போனாலும் ஒரு சின்ன ரிக்கார்டரும், குச்சி மாதிரி ஒரு மைக்கும், வெப்பமானியும் கூடவே போகும். அன்றும் வேலிப் பக்கம் மைக்கை நீட்டிக்கொண்டிருந்தாள். பெரியம்மா தன் பாட்டை ஆரம்பித்தார்: "சத்தமே இல்ல பாரு."

"என்ன அம்மாச்சி, காது கிழியுது!" என்றான் என் மகன்.

அண்ணன் மகள் திரும்பிப் பார்த்தாள். "அப்பத்தா, இப்பக் கேக்குதா?" என்று ஹெட்போனை அவர் காதில் மாட்டினாள். பெரியம்மா கொஞ்ச நேரம் கேட்டார். "ஒண்ணுமில்லயே." பிள்ளை என்னிடம் கொடுத்தாள். எனக்கு இரண்டு சத்தம் கேட்டது. என் மகன் வாங்கிக் கேட்டுவிட்டு மூன்று என்றான். மூன்று என்பதுதான் சரியாம்! அந்த மூன்றாவது எனக்கும் கேட்கவில்லை. எனக்கு வயசு நாற்பத்தாறு.

அப்புறம்தான் அவள் விஷயத்தைச் சொன்னாள். நம் காதில் முதலில் தேய்ந்துபோவது மெல்லிய, உச்ச ஸ்தாயி சத்தங்கள்தான். சின்ன வயசில் வினாடிக்கு இருபதாயிரம் அதிர்வு வரை கேட்கிற காது, வயசாக ஆக மேலேயிருந்து ஒவ்வொரு படியாக இறங்கி வரும். நாய் குரைப்பது கேட்கும், லாரி கேட்கும், கதவு கேட்கும். பூச்சி கேட்காது. பேச்சிலும் அப்படியே. 'அ', 'ஆ' எல்லாம் கனமான சத்தம், காதில் விழும். 'ச', 'ஸ', 'ஷ' எல்லாம் மெல்லிய சத்தம், விழாது. குரல் கேட்கிறது, வார்த்தை புரியவில்லை. அதனால்தான் கேட்கிறவருக்கு எதிராளி முணுமுணுக்கிற மாதிரி தோன்றுகிறது. மதினி இதைக் கேட்டுவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டார். அழத்தான் போயிருப்பார்.

பெரியம்மா மட்டும் அசரவில்லை. "எங்காது நல்லாத்தான் இருக்கு. மலைக்கு வா, நான் காட்டுறேன். அங்க இல்லேன்னா இல்லதான்."

மறுநாள் மத்தியானம் ஜீப்பில் கிளம்பினோம். போடியிலிருந்து போடிமெட்டு வரை பதினேழு கொண்டை ஊசி வளைவு. (கொண்டை ஊசி என்றதும் ஞாபகம் வருகிறது. பெரியம்மா காது குடைவது கொண்டை ஊசியில்தான்! பூண்டு போட்டுக் காய்ச்சின எண்ணெயும் அப்பப்போ விடுவாராம். நீங்கள் யாராவது செய்தால் இன்றோடு விட்டுவிடுங்கள். கைக்குழந்தைக்கு எண்ணெய் தேய்க்கும்போது காதில் ஊற்றும் பழக்கமும் வேண்டாம்.) கீழே புழுக்கம், புளியமரம், மாந்தோப்பு. வளைவு ஏற ஏற முகத்தில் குளிர் அடிக்கிறது. மெட்டு தாண்டினால் கேரளம். அண்ணன் கணக்குப் பார்க்கும் தோட்டம் அங்கே சரிவில் இருக்கிறது.

ஏலத்தோட்டம் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். காட்டு மரங்களை நிழலுக்கு விட்டுவிட்டு, அடியில் ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்த ஏலத்தட்டை. இலையைப் பார்த்தால் மஞ்சள் செடியின் பெரியக்கா மாதிரி இருக்கும். காய் மேலே காய்க்காது. தூரிலிருந்து சரம் கிளம்பி மண்ணோடு படுத்துக் கிடக்கும், அதில் காய். குனிந்தே பறிக்க வேண்டும். பெரியம்மாவுக்கு இடுப்பு வலி எங்கே வந்தது என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

பொழுது சாய்ந்தது. முதலில் ஒன்று ஆரம்பித்தது, அப்புறம் பத்து, அப்புறம் எண்ண முடியவில்லை. எனக்கு எல்லாம் ஒரே இரைச்சல். அண்ணன் மகள் மட்டும் காய்கறிக்காரி கூறு கட்டுகிற மாதிரி பிரித்துச் சொன்னாள். "அத்தை, இது தரையில சுவர்க்கோழி. இது மேல, மரத்துல. அது இலை மேல இருக்கற நீளமீசை வெட்டுக்கிளி."

பாடுவது பெரும்பாலும் ஆண் பூச்சிதானாம். பெண்ணைக் கூப்பிடுகிற குரல் அது. வாயால் பாடுவதில்லை, இறக்கையால். ஒரு இறக்கையின் அடியில் அரம் மாதிரி வரிசையாகப் பல் இருக்கும். இன்னொரு இறக்கையின் விளிம்பு அதன் மேல் உரசும். சீப்பை நகத்தால் இழுத்துப் பாருங்கள், அந்த வித்தைதான். சுவர்க்கோழிக்கு வலது இறக்கை மேலே இருக்கும், நீளமீசை வெட்டுக்கிளிக்கு இடது இறக்கை மேலே. காது எங்கே தெரியுமா? முன்னங்காலில், முழங்காலுக்குக் கீழே! என் மகன் தன் காலைத் தடவிப் பார்த்துக்கொண்டான்.

வியன்னா நகரத்தில் யோஹான் ரேகன் என்பவர் 1913இல் ஒரு சோதனை செய்தாராம். ஓர் அறையில் ஆண் பூச்சி பாடியது. அந்தச் சத்தத்தை டெலிபோன் கம்பி வழியாக இன்னோர் அறைக்கு அனுப்பினார். அங்கே இருந்த பெண் பூச்சி டெலிபோன் குழாயைத் தேடிப் போனது. வாசனையும் இல்லை, உருவமும் இல்லை. வெறும் குரல்தான் அதை இழுத்தது. ஆக, பெண் பூச்சிக்கு ஆண் எந்த நிறம், எத்தனை நீளம் என்பதெல்லாம் அப்புறம். முதலில் தன் ஜாதிக் குரலா என்பதுதான் முக்கியம்.

இங்கேதான் விஞ்ஞானிகள் புத்திசாலித்தனம் பண்ணினார்கள். நம் கண்ணுக்கு ஒரே மாதிரி தெரிகிற பூச்சிகளை, அந்தப் பெண் பூச்சி எதை வைத்துப் பிரிக்கிறதோ அதை வைத்தே நாமும் பிரித்தால் என்ன? அமெரிக்காவில் வயல் சுவர்க்கோழி எல்லாம் ஒரே இனம் என்று வெகுகாலம் நினைத்திருந்தார்கள். பாட்டை உட்கார்ந்து கேட்டு, கிழக்குப் பகுதியில் மட்டும் ஐந்து இனம் இருக்கிறது என்று அலெக்ஸாண்டர் என்பவர் 1957இல் எழுதினார்.

நம் பக்கத்துக் கதை இன்னும் சுவாரசியம். காய்ந்த இலை மாதிரி இறக்கையும், நீளக் காலும், உடம்பை விட நீளமான மீசையும் உள்ள ஒரு வெட்டுக்கிளி தென்னிந்தியாவில் உண்டு. மெகோபோடா என்று பெயர். இதன் சொந்தக்காரப் பூச்சியைச் சீனாவில் கூண்டில் போட்டு வளர்க்கிறார்கள். 'நெசவுப் பெண்' என்று கூப்பிடுகிறார்கள், ராட்டை சுற்றுகிற மாதிரி சத்தம் வருவதால். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் ரோகிணி பாலகிருஷ்ணன் அம்மையாரும் அவர் மாணவர் விவேக் நித்யானந்தாவும் இந்த வெட்டுக்கிளியை ஆராய்ந்தார்கள். பிடித்து வைத்துப் பார்த்தால் எல்லாம் ஒரே அச்சு. பாடவிட்டுக் கேட்டால் ஐந்து விதப் பாட்டு! 2006இல் இதை வெளியிட்டார்கள். ஐந்துக்கும் வைத்த செல்லப் பெயரைக் கேளுங்கள். ஒன்று விட்டுவிட்டுக் கத்துவது, ஒன்று இரட்டை இரட்டையாகக் கத்துவது, ஒன்று இரண்டு பாகமாகப் பாடுவது, நாலாவது 'ஹெலிகாப்டர்', ஐந்தாவது 'ட்ரெயின்'.

"அப்ப போடிக்கு ரயில் நிக்கவே இல்லை!" என்றான் என் மகன். எங்களுக்குப் பொறுக்க முடியாத சிரிப்பு.

பக்கத்தில் ஏதோ ஒன்று நிஜமாகவே சரக்கு வண்டி மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. "இதுதானே ட்ரெயின்?" என்று கேட்டேன். அண்ணன் மகள் ஒத்துக்கொள்ளவில்லை. "காதால கேட்டுச் சொல்லக்கூடாது அத்தை. பதிவு பண்ணணும், இப்ப என்ன குளிர்னு குறிச்சுக்கணும், பாடினவனையே பிடிக்கணும்." குளிருக்கும் பாட்டுக்கும் சம்பந்தம் உண்டாம். குளிர்ந்தால் தாளம் மெதுவாகும், சூடானால் வேகமாகும். பொட்டிபுரத்தில் துரித காலத்தில் பாடுகிற பூச்சியே போடிமெட்டில் சவுக்கத்தில் பாடும். அதைத் தெரியாமல் இரண்டு இனம் என்று எழுதிவிட்டால் அவமானம்!

பாடுகிறவனைப் பிடிப்பது இருக்கிறதே, அதுதான் பெரிய வேலை. கிட்டே போனால் பாட்டை நிறுத்திவிடும். நின்றால் ஆரம்பிக்கும். டார்ச்சோடு ஒரு மணி நேரம் ஈர இலைக்குள் நடந்தோம். அட்டை வேறு. கடைசியில் பிடித்தது அண்ணன்தான், தொப்பியால்! டப்பாவுக்குள் போட்டதும் அது மீசையை ஆட்டிக்கொண்டு எங்களையே பார்த்தது.

அப்புறம் கம்ப்யூட்டரில் அந்தப் பாட்டைப் படமாகக் காட்டினாள். அழகான புள்ளிக் கோலம்! எத்தனை புள்ளி, புள்ளிக்கும் புள்ளிக்கும் எவ்வளவு இடைவெளி என்பதுதான் அந்தந்த இனத்தின் அடையாளம். இதோடு முடிவதில்லை. குரல் வேறாக இருந்தால் சந்தேகம் வரும், அவ்வளவுதான். உடம்பின் நுணுக்கங்களைப் பூதக்கண்ணாடியில் பார்த்து, மரபணுவையும் ஒப்பிட்டு, அதன் பிறகே புதுப் பெயர். ரோகிணி அம்மையார் பெயரையே ஒரு வயல் சுவர்க்கோழிக்கு 2021இல் வைத்தார்கள், சண்டிகரில் கண்டுபிடித்தது. கோயில் கட்டினவருக்குக் கல்வெட்டு மாதிரி, பூச்சி ஆராய்ந்தவருக்குப் பூச்சி!

"பேரு வச்சு என்னம்மா ஆகப் போகுது?" என்று அண்ணன் கேட்டார். நியாயமான கேள்விதான். மகள் பதில் வைத்திருந்தாள். ஏலத்தட்டையைத் துளைக்கிற புழுவும் ஆமணக்கைத் துளைக்கிற புழுவும் ஒன்றே என்று ரொம்ப காலம் நினைத்திருந்தார்கள். ஏலக்காயில் துளைப்பது தனி இனம் என்று 2018இல் தெரிந்தது. சகியாத்ரி மலைப் பெயரையே அதற்கு வைத்தார்கள். இந்த அந்துப்பூச்சியில் பெண் வாசனை விட்டு ஆணைக் கூப்பிடும். அந்த வாசனையைப் பொறியில் வைத்துத்தான் பல ஊர்களில் பூச்சி பிடிக்கிறார்கள். இனம் தெரியாமல் வேறு பூச்சியின் வாசனையை வைத்தால் யார் வந்து விழுவார்கள்? அசுவினியைத் தின்று விவசாயிக்கு உதவுகிற கண்ணாடி இறக்கைப் பூச்சி கதையும் அதுதான். அது சத்தமே போடாது. வயிற்றை ஆட்டி இலையை அதிர வைத்துத் துணையோடு பேசும். நம் வயலில் இருப்பதற்கு வெகு நாள் தப்பான பெயர் சொல்லி வந்தார்கள். அந்த அதிர்வுப் பாட்டை வெளிநாட்டுப் பூச்சிகளின் பாட்டோடு ஒப்பிட்டு, தென்னாப்பிரிக்காவில் உள்ள இனத்தின் நெருங்கின சொந்தம் இது என்று 2010இல் எழுதினார்கள். அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அந்தப் புழுவின் பெயரை இரண்டு தரம் கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டார்.

இத்தனை நேரம் பெரியம்மா ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தார். "ஒண்ணு ரெண்டு கேக்குது. முன்ன மாதிரி இல்ல" என்றார். அண்ணன் மகள் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "நீ சொல்றது பொய்யின்னு நான் சொல்லல அப்பத்தா. மருந்தால கொறஞ்சும் இருக்கலாம். ஆனா உங்காதும் கொறஞ்சிருக்கு. எது எவ்வளவுன்னு நமக்குத் தெரியணும்ல? அதுக்குத்தான் இந்த மிசினு. இதுக்கு வயசாகாது. இன்னைக்குப் பதிஞ்சத இருவது வருசம் கழிச்சு வச்சுப் பாக்கலாம்."

பெரியம்மா ரொம்ப நேரம் பேசவில்லை. ஜீப்பில் இறங்கும்போது, "இருவது வருசத்துக்கு முன்ன யாரும் பதிஞ்சு வைக்கலியே" என்றார். எனக்கு என்னவோ போலிருந்தது.

அடுத்த வாரமே தேனியில் காது டாக்டரிடம் கூட்டிப் போனார்கள். முதலில் அழுக்கை எடுத்தார், அதிலேயே கொஞ்சம் தெளிந்தது. அப்புறம் கண்ணாடி அறையில் உட்கார வைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்கச் சொல்லிப் பரிசோதனை. கனமான சத்தம் எல்லாம் சரி. மேல் ஸ்தாயியில் கோடு சரிந்து கீழே போய்விட்டது. வயசினால் வருவது, திரும்பாது, கருவி வைத்தால் பேச்சு புரியும் என்றார். மதினிக்கும் சொல்லி அனுப்பினார்: கத்த வேண்டாம், முதுகுப் பக்கமிருந்து பேச வேண்டாம், முகத்துக்கு நேரே நின்று நிதானமாகப் பேசினால் பாதி வேலை முடிந்தது. பூச்சிச் சத்தம் கேட்குமா என்று பெரியம்மா கேட்டாராம். "இது பேச்சுக்காகச் செஞ்ச கருவி பாட்டி, எல்லாப் பூச்சியும் கேக்காது" என்று டாக்டர் சொன்னாராம்.

கருவி வந்து மாட்டின அன்றைக்கு மதினி போன் பண்ணினார். குக்கர் விசில் அடித்ததும் பெரியம்மா தூக்கிவாரிப் போட்டு எழுந்துவிட்டாராம். சாயங்காலம், "ஏண்டி இப்படிக் கத்திப் பேசுறே, எனக்கென்ன காது செவிடா?" என்று ஒரு அதட்டல். மதினி சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார். அவர் அப்படிச் சிரித்து நான் கேட்டு எத்தனை நாளாச்சு!

போன வெள்ளிக்கிழமை பெரியம்மாவே பேசினார். "ஏத்தா, நேத்து ராத்திரி கொல்லையில ஒண்ணு கத்துச்சு. ரெண்டு தடவ கத்தி விட்டுருது, அப்பறம் ரெண்டு. புள்ளகிட்டச் சொல்லு, வந்து பதிஞ்சு வச்சுக்கச் சொல்லு. நாளைக்கு இருக்குமோ என்னவோ."